முப்பது லேப்டாப், ஒரே ஒரு மவுஸ்

ஞாயிற்றுக்கிழமை மதியம். மார்த்தாண்டம் மேம்பாலத்தைப் பார்த்த
ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி.
நாளை எட்டு மணிக்குப் புதுப் பிரிவு திறப்பு.
பிஷப் வருகிறாராம், கீழே பந்தலுக்கு ஆணி அடிக்கிறார்கள்.

முப்பது பெட்டியையும் பிரித்துவிட்டேன்.
தெர்மாகோல் துகள் சுரிதாரில் ஒட்டுகிறது,
தட்டினால் கைக்கு மாறுகிறது.
நாகர்கோவில் ஆபீசில் செய்துவைத்த இமேஜ்
போன வருஷத்து மாடலுக்கானது.
செய்தவள் நான், அதனால்
யாரையும் திட்ட வழியில்லை.

முதல் திரை வந்தது. விரல் வைத்தேன்.
அம்பு அசையவில்லை.
டச்பேட் இருக்கிறது, தொட்டால் குளிர்கிறது,
கணினிக்கு மட்டும் அது இல்லை.
மவுஸைச் செருகி உள்ளே போனால்
ஏழு மஞ்சள் முக்கோணம்,
ஏழுக்கும் ஒரே பெயர்:
அறியப்படாத சாதனம்.

வைஃபை டிரைவரை இறக்க இணையம் வேண்டும்.
இணையத்துக்கு வைஃபை டிரைவர் வேண்டும்.
சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியவர்களுக்கு
மேற்கொண்டு சொல்ல வேண்டாம்.

"டிரைவர் இல்ல சார், ஒண்ணுக்கும் டிரைவர் இல்ல"
மேனேஜரிடம் போனில் கத்தினேன்.
வராந்தாவில் பழம்பொரியைப் பாதியில் வைத்துவிட்டு
ஆம்புலன்ஸ் செல்வநேசன் எழுந்து வந்தார்:
"நான் இங்கதானே இருக்கேன் மக்களே, கேஸ் எங்க?"

சிரிக்க அரை நிமிஷம். விளக்கப் பத்து நிமிஷம்.
"அப்போ வண்டி இருக்கு, ஓட்ட ஆளில்ல."
ஏறக்குறைய, என்றேன்.
தனக்குச் சக்கரம் உண்டென்பதே
வண்டிக்குத் தெரியாது.

குழித்துறையில் மச்சான் கடை ஷட்டரைத் தூக்கவைத்து
லேன் அடாப்டர் ஒன்று வாங்கி வந்தார், நானூற்றைம்பது ரூபாய்.
செருகினேன்.
எட்டாவது மஞ்சள் முக்கோணம்.

"எளவு" என்றார்,
நான் சொல்லவேண்டியதை.

கடைசியில் அவருடைய போன்தான்.
மூலையில் உடைந்த அந்தப் போனைக் கேபிளில் மாட்டியதும்
எதையும் கேட்காமல் இணையம் வந்தது.
முதலிலேயே ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள்.
என் பையிலும் ஒரு போன் இருந்தது.

பிறகு ஹார்டுவேர் ஐடி.
எட்டு பூஜ்யம் எட்டு ஆறு என்றால் கம்பெனி,
அடுத்த நாலு இலக்கம் ஆள்.
எந்த விளை, என்ன வீட்டுப்பேர் என்று கேட்டுக்கேட்டு
கல்யாண வீட்டில் ஒருவரைக் கண்டுபிடிப்பது போல.
ஒவ்வொரு மஞ்சளாய் அணைந்தது.

இருபத்திரண்டு வரை.

இருபத்திமூன்றில் வைஃபை எழவில்லை.
அதே அட்டை, அதே நிறம், அதே மாடல் எண்.
பின்மூடியில் பத்து ஸ்க்ரூவையும் கழற்றினேன்:
வேறு கம்பெனிச் சில்லு.
தொழிற்சாலையில் ஒன்று தீர்ந்திருக்கும்,
கிடைத்த இன்னொன்றை வைத்திருப்பார்கள்.
மீதி எட்டும் அப்படியே.

கட்டன்சாயா கொண்டுவந்த சிஸ்டர் டெல்பின்
திறந்த வயிற்றை எட்டிப் பார்த்தார்.
"இரட்டைப் பிள்ளைகள்னு சொல்லி
பரிசோதிக்காம ஒரே ரத்தம் ஏத்துவியா?"
ஏற்றியிருந்தேன் சிஸ்டர்,
எட்டுப் பேருக்கு.

இரவு இரண்டே முக்கால். முப்பதும் எழுந்துவிட்டன.
ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முக்கோணம் பாக்கி.
என்னவென்று தெரியவில்லை.
அது இல்லாமல் எதுவும் நிற்கவும் இல்லை.
ரிப்போர்ட்டில் எழுதலாமா என்று யோசித்து
எழுதாமல் விட்டேன்.

கீழே காஷுவாலிட்டியில் யாரோ கத்த
செல்வநேசன் ஓடினார்.
பந்தல் கம்பங்களுக்கிடையே வண்டி வளைந்து போனது.

முப்பதாவது லேப்டாப்பில் மாட்டியபடியே
அவர் போன் அதிர்கிறது.
உடைந்த திரையில் 'வீடு' என்று வருகிறது.
நிற்கிறது. மறுபடி அதிர்கிறது.

எடுத்து என்ன சொல்ல,
டிரைவர் இல்லை என்றா?